டொனால்ட் டக்ளஸ்

டொனால்ட் வில்ஸ் டக்ளஸ் (ஏப்ரல் 6, 1892 – பெப்ரவரி 1, 1981) அமெரிக்க வானூர்திப் பொறியாளரும் தொழிலதிபரும் ஆவார். டக்ளஸ் வானூர்தி நிறுவனத்தை நிறுவியவர் இவர். இந்நிறுவனம் உருவாக்கிய டிசி வரிசை வானூர்திகள், அவற்றுள்ளும் சிறப்பாக டிசி-3, பயணிகள் வான்போக்குவரத்தைத் தன் வருவாயிலேயே நிலைநிற்கக்கூடிய தொழிலாக மாற்றின. நன்கு அமைந்த ஒரு வடிவத்தைக் கைவிடாமல் படிப்படியாகத் திருத்தி வளர்ப்பது இவரது வழிமுறை. இவரது வெற்றிக்கும் பிற்காலச் சரிவுக்கும் இவ்வழிமுறையில் பங்கு உண்டு. பழைய நெகிழி மாதிரி வானூர்திகளை ஒட்டித் திருத்தும் பொழுதுபோக்கினரிடையே டக்ளசின் வானூர்திகள் பெற்றுள்ள சிறப்பிடத்திற்கும் இதுவே காரணமாகும்.

இளமையும் கல்வியும்

டக்ளஸ் நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் பிறந்தார். இவரது தந்தை வங்கி ஒன்றில் உதவிக் காசாளராகப் பணியாற்றினார். வர்ஜீனியா மாநிலத்தின் ஃபோர்ட் மையரில் ஓர்வில் ரைட் தமது வானூர்தியை இராணுவத்தினருக்குப் பறந்து காட்டியதை டக்ளஸ் இளம் வயதில் நேரில் கண்டார். அன்று தொடங்கிய ஆர்வம் இறுதிவரை நீடித்தது.

1909 இல் அனாபொலிசில் உள்ள கடற்படைக் கல்விக்கழகத்தில் சேர்ந்தார். அங்குத் தமது விடுதி அறையில் இரப்பர் பட்டையால் இயங்கும் சிறு மாதிரி வானூர்திகளைச் செய்து, கல்விக்கழக வளாகத்திலேயே பறக்கவிட்டுச் சோதித்தார். கடற்படை அதிகாரியாவதை விட வானூர்திப் பொறியாளராவதே தமக்கு ஏற்றது என்று முடிவு செய்து 1912 இல் கல்விக்கழகத்திலிருந்து விலகினார். பின்னர் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் சேர்ந்து, நான்காண்டுப் படிப்பை இரண்டே ஆண்டுகளில் முடித்து 1914 இல் இயந்திரப் பொறியியலில் பட்டம் பெற்றார். அக்கழகத்தில் ஜெரோம் ஹன்சேக்கர் என்பவரின் உதவியாளராகவும் சில காலம் பணியாற்றினார்.

தொழிலின் தொடக்கம்

1915 இல் கனெக்டிகட் வானூர்தி நிறுவனத்தில் சேர்ந்து, அமெரிக்கக் கடற்படையின் முதல் வான்கப்பலின் வடிவமைப்பில் பங்கேற்றார். அதே ஆண்டில் கிளென் மார்ட்டின் நிறுவனத்தின் தலைமைப் பொறியாளரானார். அப்போது அவருக்கு வயது 23. இடையில் சிறிது காலம் இராணுவத்தின் வான்பிரிவில் பணிபுரிந்த பின், ஒகையோ மாநிலத்தின் கிளீவ்லாந்தில் புதிதாக அமைந்த மார்ட்டின் நிறுவனத்திற்குத் திரும்பினார். எம்பி-1 என்னும் இரட்டை எந்திரக் குண்டுவீச்சு வானூர்தியை அங்கு வடிவமைத்தார்.

1920 இல் ஆண்டுக்கு 10,000 டாலர் ஊதியம் தந்த அப்பணியைத் துறந்து கலிபோர்னியாவுக்குச் சென்றார். டேவிட் டேவிஸ் என்ற செல்வந்தர் அளித்த 40,000 டாலர் முதலுடன் டேவிஸ்-டக்ளஸ் நிறுவனம் தொடங்கப்பட்டது. முடிதிருத்தும் கடை ஒன்றின் பின்னறையே அதன் முதல் அலுவலகம். எங்கும் தரையிறங்காமல் அமெரிக்காவைக் கடப்பதற்காக உருவாக்கப்பட்ட கிளவுட்ஸ்டர் என்னும் வானூர்தி 1921 பெப்ரவரியில் பறந்தது. தன் எடையை விடக் கூடுதலான சுமையைத் தூக்கிய முதல் வானூர்தியாக இது கருதப்படுகிறது. எனினும் 1921 சூனில் மேற்கொண்ட பயணம் டெக்சாஸ் மாநிலத்தின் எல் பாசோ அருகே எந்திரக் கோளாறால் தடைப்பட்டது. டேவிஸ் ஆர்வம் இழந்து விலகிக்கொண்டார்.

கடற்படை டிடி வகை வானூர்திகளுக்கு ஆணை அளித்திருந்தும், அவற்றைக் கட்டுவதற்கு டக்ளசிடம் பணம் இருக்கவில்லை. லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் இதழின் வெளியீட்டாளர் ஹாரி சாண்ட்லரும் வேறு சில வணிகர்களும் பிணை நின்றதால் வங்கிக் கடன் கிடைத்தது. 1922 இல் சாண்டா மொனிக்கா நகரில் கைவிடப்பட்ட திரைப்படக் கூடம் ஒன்றில் தொழிற்சாலை அமைந்தது.

உலகைச் சுற்றிய வானூர்திகள்

டிடி வகையை நெடும்பயணத்திற்கு ஏற்பத் திருத்தி, டக்ளஸ் உலகச் சுற்று வானூர்தி உருவாக்கப்பட்டது. அமெரிக்க இராணுவத்தின் இத்தகைய நான்கு வானூர்திகள் 1924 ஏப்ரல் 6 ஆம் நாள் சியாட்டிலிலிருந்து புறப்பட்டன. ஒன்று அலாஸ்காவில் மலையில் மோதியது. மற்றொன்று அட்லாண்டிக் பெருங்கடலில் மூழ்கியது. எஞ்சிய இரண்டும் கல்கத்தா, கராச்சி ஆகிய நகரங்கள் வழியாகச் சென்று, செப்டம்பர் 28 ஆம் நாள் சியாட்டிலை அடைந்தன. வான்வழியாக உலகைச் சுற்றிய முதல் பயணம் இதுவாகும். இதனால் டக்ளசின் பெயர் உலகறியப்பட்டது.

டிசி-1 முதல் டிசி-3 வரை

1931 மார்ச்சில் கான்சாஸ் மாநிலத்தில் மரச்சட்ட இறக்கை கொண்ட ஃபாக்கர் வானூர்தி ஒன்று விழுந்து நொறுங்கியதில், புகழ்பெற்ற கால்பந்துப் பயிற்சியாளர் நூட் ராக்னி உயிரிழந்தார். மர இறக்கைகள் மீது மக்கள் நம்பிக்கை இழந்தனர். போயிங் நிறுவனத்தின் புதிய உலோக வானூர்தியான 247, தன் கூட்டு நிறுவனமான யுனைட்டடுக்கே முதலில் ஒதுக்கப்பட்டது. எனவே டிடபிள்யூஏ நிறுவனத்தின் ஜாக் ஃபிரை 1932 ஆகஸ்டில் பிற வானூர்தி நிறுவனங்களுக்கு மடல் எழுதி, மூன்று எந்திரங்கள் கொண்ட முழு உலோக வானூர்தி ஒன்றைக் கோரினார். தன் வழித்தடத்தின் எந்த நிலையத்திலிருந்தும் ஓர் எந்திரம் பழுதாயினும் மேலெழ வேண்டும் என்பது கடினமான நிபந்தனையாக இருந்தது.

ஆர்தர் ரேமண்ட் உள்ளிட்ட டக்ளசின் பொறியாளர்கள் இரண்டு எந்திரங்களே போதுமென முடிவு செய்தனர். டிசி-1 எனப்பட்ட அந்த வானூர்தி 1933 சூலை 1 ஆம் நாள் முதன்முதலாகப் பறந்தது. மூக்கை உயர்த்தி மேலேறிய போதெல்லாம் எந்திரங்கள் நின்றன. மூக்கைத் தாழ்த்தியதும் மீண்டும் இயங்கின. ஓட்டுநர் கார்ல் கவர் அதனைப் பத்திரமாகத் தரையிறக்கினார். கார்புரேட்டரின் மிதவை பொருத்தப்பட்டிருந்த திசையே காரணம் என்று பின்னர் கண்டறியப்பட்டது. அதைத் திருப்பிப் பொருத்தியதும் குறை நீங்கியது. அதே ஆண்டில் அரிசோனாவின் வின்ஸ்லோவிலிருந்து நியூ மெக்சிகோவின் அல்பகர்க்கி வரை ஒற்றை எந்திரத்துடன் பறந்து அது நிபந்தனையை நிறைவேற்றியது.

டிசி-1 ஒன்று மட்டுமே கட்டப்பட்டது. சற்று நீட்டப்பட்டு 14 பயணிகளை ஏற்றிய டிசி-2, 1934 மே மாதம் பறந்தது. அவ்வாண்டு இங்கிலாந்திலிருந்து மெல்பர்ன் வரை நடந்த வான்பந்தயத்தில், பந்தயத்திற்கென்றே கட்டப்பட்ட வானூர்தி ஒன்றுக்கு அடுத்ததாக டச்சு நிறுவனமான கேஎல்எம்மின் டிசி-2 இரண்டாவதாக வந்தது. பயணிகளுடனும் அஞ்சலுடனும் பறந்த வானூர்தி இவ்விடத்தைப் பெற்றது வியப்புடன் நோக்கப்பட்டது.

அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் சி. ஆர். ஸ்மித் படுக்கை வசதி கொண்ட அகன்ற வானூர்தி ஒன்றைக் கோரினார். டக்ளஸ் முதலில் தயங்கிப் பின்னர் உடன்பட்டார். 1935 டிசம்பர் 17 ஆம் நாள் பறந்த இவ்வானூர்தியின் இருக்கை வடிவமே டிசி-3 ஆகும். 21 பயணிகளை ஏற்றிய இது, அஞ்சல் கட்டணத்தை நம்பியிராமல் பயணிகளைக் கொண்டே இலாபம் ஈட்ட வழிசெய்தது. டிசி-2 வானூர்திக்காக 1935 ஆம் ஆண்டின் காலியர் விருது டக்ளசுக்கும் அவரது தொழில்நுட்பக் குழுவினருக்கும் வழங்கப்பட்டது.

போர்க்காலம்

இரண்டாம் உலகப் போரின் போது டிசி-3 இன் இராணுவ வடிவமான சி-47 உட்பட இவ்வகையில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவற்றை டக்ளஸ் நிறுவனம் கட்டியது. பிரித்தானியர் இதற்கு டக்கோட்டா எனப் பெயரிட்டனர். போருக்குப் பின் மிகுதியான டக்கோட்டாக்கள் குறைந்த விலைக்கு விற்கப்பட்டதால், உலகின் பல நாடுகளில் வான்போக்குவரத்து அவற்றைக் கொண்டே தொடங்கியது. 1947 அக்டோபர் 27 ஆம் நாள் இந்தியப் படையினர் டக்கோட்டாக்களிலேயே சிறிநகரில் இறங்கினர். அதே ஆண்டு டிசம்பர் 10 ஆம் நாள் ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் பயணம், இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு டக்கோட்டா மூலம் நடைபெற்றது.

டிசி-4 முதல் டிசி-7 வரை

1938 இல் பறந்த நான்கு எந்திர டிசி-4இ மிகவும் சிக்கலானதாக இருந்தது. வான்போக்குவரத்து நிறுவனங்கள் அதனை ஏற்கவில்லை. டக்ளஸ் அதனைக் கைவிட்டு, அதைவிடச் சிறிய, எளிய டிசி-4 ஐ வடிவமைக்கச் செய்தார். 1942 பெப்ரவரியில் பறந்த அதனை இராணுவம் சி-54 என்ற பெயரில் எடுத்துக்கொண்டது. 1948–49 இல் முற்றுகையிடப்பட்ட பெர்லினுக்கு உணவும் நிலக்கரியும் கொண்டுசென்றவற்றுள் இவையே முதன்மையானவை.

இதன் பின் வந்தவை யாவும் இவ்வொரு வடிவத்தின் வளர்ச்சியே. டிசி-4 இன் நீளம் 28.6 மீட்டர். அதில் ஏறத்தாழ 2 மீட்டர் கூட்டி, உள்ளழுத்தம் பேணும் பயணியர் அறையும் ஆற்றல் மிகுந்த எந்திரங்களும் அமைத்ததால் டிசி-6 உருவானது. மேலும் ஒன்றரை மீட்டர் கூட்டியது டிசி-6பி. இன்னுமொரு மீட்டர் கூட்டியது 1953 இல் பறந்த டிசி-7. இவை அனைத்திலும் இறக்கையின் முழுநீளம் மாறாமல் 35.8 மீட்டராகவே இருந்தது. டிசி-7சி இல் மட்டுமே இறக்கையின் அடிப்பகுதியில் இருபுறமும் புதிய துண்டுகள் சேர்க்கப்பட்டு, அது 38.9 மீட்டரானது.

இவ்வழிமுறையில் ஒரு சிறு பகுதியின் இடம் பிழையாக அமைந்தாலும் விளைவு கொடியதாக இருக்கும் என்பதை 1947 காட்டியது. அவ்வாண்டு அக்டோபர் 24 ஆம் நாள் யூட்டா மாநிலத்தில் யுனைட்டட் நிறுவனத்தின் டிசி-6 ஒன்று வானில் தீப்பற்றி விழுந்து, அதிலிருந்த 52 பேரும் உயிரிழந்தனர். நவம்பர் 11 ஆம் நாள் அமெரிக்கன் நிறுவனத்தின் மற்றொரு டிசி-6 நியூ மெக்சிகோவின் கேலப் நகரில் தீயுடன் தரையிறங்கியது; அதிலிருந்தவர்கள் உயிர் தப்பினர். தப்பிய வானூர்தியை ஆராய்ந்ததில் காரணம் தெளிவானது. எரிபொருளை ஒரு தொட்டியிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் போது வழிந்த எரிபொருள், காற்றோட்டத்தில் பின்சென்று பயணியர் அறை வெப்பமூட்டியின் காற்றுவாயினுள் புகுந்திருந்தது. எல்லா டிசி-6 வானூர்திகளும் பறப்பதிலிருந்து நிறுத்தப்பட்டன. குறைகள் திருத்தப்பட்ட பின் 1948 மார்ச்சில் அவை மீண்டும் பணிக்கு வந்தன. அதன்பின் டிசி-6 மிகவும் நம்பகமான வானூர்திகளுள் ஒன்றாகப் பெயர் பெற்றது. 21 ஆம் நூற்றாண்டிலும் அலாஸ்காவில் சில டிசி-6 கள் சரக்கு ஏற்றிப் பறந்தன.

ஜெட் காலமும் இணைப்பும்

டிசி-7 நன்கு விற்பனையாகிக்கொண்டிருந்ததால் ஜெட் வானூர்தியில் இறங்க டக்ளஸ் தயங்கினார். போயிங் நிறுவனமோ தன் சொந்தச் செலவில் கட்டிய ஜெட் வானூர்தியை 1954 சூலையிலேயே பறக்கவிட்டது. டிசி-8 திட்டம் 1955 இல் அறிவிக்கப்பட்டு, 1958 மே 30 ஆம் நாளே முதலாவது வானூர்தி பறந்தது. போயிங் 707 ஐ விட ஏறத்தாழ ஓராண்டு பிந்தி அது பயணிகள் சேவைக்கு வந்தது. படிப்படியாகத் திருத்தும் வழிமுறைக்கு எல்லை உண்டு என்பதை இது உணர்த்தியது.

1957 இல் நிறுவனத் தலைமையைத் தம் மகன் டொனால்ட் டக்ளஸ் இளையவரிடம் ஒப்படைத்தார். 1960 களின் நடுவில் டிசி-9 க்கு ஆணைகள் குவிந்த போதிலும், தொழிலாளர் பற்றாக்குறையாலும் உதிரிகள் தாமதத்தாலும் நிறுவனம் பெரும் இழப்பைச் சந்தித்தது. 1967 ஏப்ரலில் அது மெக்டொனல் நிறுவனத்துடன் இணைந்தது. மெக்டொனல் டக்ளஸ் என்ற அந்த நிறுவனம் 1997 இல் போயிங்குடன் இணைந்தது.

மாதிரி வானூர்திகளில் டக்ளசின் படைப்புகள்

டக்ளசின் சாண்டா மொனிக்கா தொழிற்சாலையிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், வெனிஸ் பகுதியில், ரெவெல் என்னும் நெகிழி மாதிரித் தொகுப்பு நிறுவனம் இயங்கியது. பாலிஸ்டைரீன் நெகிழியை உருக்கி அச்சில் செலுத்திச் செய்த பாகங்களை வாங்குபவரே ஒட்டிக்கொள்ளும் தொகுப்புகளை அது விற்றது. 1950 களின் நடுவில் அந்நிறுவனம் டிசி-7 ஐ வெளியிட்டது. பிரித்தானியாவின் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் 1960 இல் 72 இல் ஒரு பங்கு அளவில் டக்கோட்டாவை வெளியிட்டது. பிரான்சின் ஹெல்லர் அதே அளவில் டிசி-6 ஐயும், மினிக்ராஃப்ட் 144 இல் ஒரு பங்கு அளவில் டிசி-4, டிசி-6 ஆகியவற்றையும் வெளியிட்டன.

இவற்றுள் மிகப் பழையவை பல குறைகள் கொண்டவை. பெட்டியின் அளவுக்கேற்பப் பாகங்கள் செய்யப்பட்டதால், அக்காலத்துத் தொகுப்புகள் பல இன்றைய வழக்கமான அளவு விகிதங்களுள் அடங்குவதில்லை. ஆணித்தலைகள் புடைப்பாகக் காட்டப்பட்டுள்ளன. 72 இல் ஒரு பங்கு அளவில் 0.3 மில்லிமீட்டர் புடைப்பு என்பது உண்மை வானூர்தியில் 2 செண்டிமீட்டர் உயரமுள்ள ஆணித்தலைக்குச் சமம். சில தொகுப்புகளில் எழுத்தும் சின்னமும் ஒட்டவேண்டிய இடங்கள் கூட நெகிழியிலேயே கோடுகளாகப் பதிக்கப்பட்டிருந்தன.

இக்குறைகளைக் களைவதே மாதிரி செய்பவர்களின் முதற்பணி. புடைப்புகளை ஈரமான நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்து நீக்கி, தகடுகளின் இணைப்புக் கோடுகளை ஊசிமுனையால் மெல்லிய பள்ளமாகக் கீறுகின்றனர். உடற்பகுதியின் இரு பாதிகளும் சேரும் தையலைப் பட்டி பூசி நிரப்பித் தேய்க்கின்றனர். வெள்ளிநிற மெருகு சிறிய கீறலையும் எடுத்துக்காட்டும் என்பதால், வண்ணமிடும் முன் இவ்வேலையைப் பலமுறை செய்ய நேரும். பழைய பெட்டிகளில் மஞ்சளித்துப்போன ஒட்டுப்படங்களைக் கண்ணாடிச் சன்னலில் ஒட்டி வெயிலில் வைத்து வெளுக்கச் செய்வதும் உண்டு. டிசி-4, டிசி-6, டிசி-7 ஆகியவற்றின் மாதிரிகளில் மூக்கினுள் ஈயத்துண்டு வைத்து மூடாவிட்டால் அவை வால்பக்கம் சாய்ந்துவிடும். டிசி-3 க்கு வாலில் சக்கரம் உள்ளதால் இது தேவையில்லை.

அடுத்த பணி வகைமாற்றம். டக்ளசின் பொறியாளர்கள் செய்ததை மாதிரி செய்பவர் சிறிய அளவில் மீண்டும் செய்கிறார். 144 இல் ஒரு பங்கு அளவிலான டிசி-6 ஐ டிசி-6பி ஆக்க, உடற்பகுதியை அறுத்து மொத்தம் 10.6 மில்லிமீட்டர் நீளத்திற்கு நெகிழித் துண்டுகளைச் செருக வேண்டும். அதிலிருந்து டிசி-7 க்கு மேலும் 7 மில்லிமீட்டர் தேவை. எனினும் நீளத்தைக் கூட்டினால் மட்டும் போதாது. டிசி-4 இன் சன்னல்கள் வட்டமானவை; டிசி-6 இன் சன்னல்கள் நாற்கோணமானவை. டிசி-6 க்கு மூன்று அலகுகள் கொண்ட சுழல்விசிறி. டிசி-7 க்கு நான்கு அலகுகள்.

டக்கோட்டாத் தொகுப்பைப் போருக்கு முந்தைய பயணிகள் வானூர்தியாக மாற்றுவதும் பரவலாகச் செய்யப்படுகிறது. இராணுவ வடிவின் இடப்புறத்திலுள்ள பெரிய சரக்குக் கதவை மூடிவிட வேண்டும். அமெரிக்கன் ஏர்லைன்சின் தொடக்ககால டிசி-3 களில் பயணியர் கதவு வலப்புறம் இருந்தது. அவற்றின் ரைட் எந்திரங்களில் ஒரே வரிசையில் 9 உருளைகள் இருந்தன. சி-47 இன் எந்திரங்களிலோ இரு வரிசைகளில் 14 உருளைகள் இருந்தன. எனவே எந்திர முகப்பையும் புதிதாகச் செய்ய வேண்டியுள்ளது. படுக்கை வானூர்தியாயின் மேல்படுக்கைகளுக்கான சிறு சன்னல்களையும் துளைக்க வேண்டும். இத்தகைய வேறுபாடுகளை அறிய ஒளிப்படங்களையும் அளவு வரைபடங்களையும் நாடுவதால், இப்பொழுதுபோக்கினர் வழியாக டிசி வரிசையின் நுண்ணிய வரலாறு காக்கப்பட்டு வருகிறது.

தனிவாழ்வும் இறப்பும்

டக்ளஸ் 1916 இல் சார்லட் ஆக் என்பவரை மணந்தார். ஸ்கொட்லாந்து மரபில் பெருமிதம் கொண்ட இவர் அந்நாட்டுப் பைக்குழல் வாசிப்பதில் விருப்பம் உடையவர். பாய்மரப் படகோட்டத்திலும் ஈடுபட்டு, 1932 இல் லாஸ் ஏஞ்சலசில் நடந்த ஒலிம்பிக் போட்டிகளில் ஆறு மீட்டர் படகுப் பிரிவில் வெள்ளிப் பதக்கம் வென்ற அமெரிக்கக் குழுவில் இடம்பெற்றார்.

1967 இன் இணைப்புக்குப் பின் மெக்டொனல் டக்ளஸ் நிறுவனத்தின் மதிப்புறு தலைவராக இருந்தார். 1981 பெப்ரவரி 1 ஆம் நாள் கலிபோர்னியாவின் பாம் ஸ்பிரிங்சில் தமது 88 ஆம் வயதில் காலமானார். அவரது சாம்பல் பசிபிக் பெருங்கடலில் தூவப்பட்டது.